காயலாங்கடை டீச்சர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள கம்பெனிகளுக்கு முதலாளிகள் உண்டு, மேனேஜர்கள் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்து தலையில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கம்பெனி எந்தக் கிழமையில் எந்தக் குப்பையை எந்தச் சுவரோரம் கொட்டும் என்பதை முழுமையாக அறிந்த மனிதப் பிறவி இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை. சம்பளப் பட்டியலில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர்க்காரர்களுக்கும், கம்பெனி வாட்ச்மேன்களுக்கும், டீக்கடைக்காரருக்கும் அவர் காயலாங்கடை டீச்சர். பழைய இரும்பும் உடைந்த பிளாஸ்டிக்கும் வாங்குகிற கடைக்கு எங்கள் பக்கம் காயலாங்கடை என்று பெயர்.

தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஏரியை ஒட்டி இருந்த ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்றிலிருந்து மூன்று வரை டீச்சர், நான்கும் ஐந்தும் நான். மீஞ்சூரிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் என் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். அந்தப் பைக் இல்லாமல் நான் நடந்து போகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

கொரோனாவுக்காகப் பூட்டிய பள்ளிகளை மறுபடியும் திறந்தார்கள். ஒரு காலத்தில் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் எல்லாம் இப்போது கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகின்றன. அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பிள்ளைகள் அத்தனை காலமும் தெருவில்தான் வளர்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பையன், கண்ணை மூடிக்கொண்டு ஹாரன் சத்தத்தைக் கேட்டே அது எந்தக் கம்பெனி பஸ், எந்த ஷிப்டுக்குப் போகிறது என்று சொன்னான். கரும்பலகையில் ‘அ’ எழுதி இது என்ன என்று கேட்டால், மரியாதையாக எழுந்து நின்று, "தெர்லீங்க சார், நான் அப்போ வரல" என்றான். ‘அ’ என்பவர் எப்போதோ ஊருக்கு வந்துவிட்டுப் போய்விட்டதைப் போல.

இந்த நிலைமையைச் சரிசெய்யத்தான் கற்றல் மீட்புத் திட்டம் வந்தது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லித்தர வேண்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஓய்வு பெறப்போகிற ஒரு தலைமையாசிரியர் அட்டைக் காதுகளை மாட்டிக்கொண்டு முயல் போலக் குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சப் பயிற்சி முழுவதும் அவர் முயல் நிலையிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்தோம். டீச்சர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். எண்களைக் கற்கும்போது ஒவ்வொரு குழந்தையின் கையிலும் பொருள் இருக்க வேண்டும்.

முதலில் புளியங்கொட்டை வைத்தோம். சத்துணவு ஆயா நல்ல மனதோடு அதை வறுத்துக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் கூட்டலுக்குப் போகாமலே கழித்தலைப் புரிந்துகொண்டார்கள். அடுத்து கூழாங்கல் வைத்தோம். பக்கத்து வீட்டு மாமரத்துக்காரர் மறுநாளே சண்டைக்கு வந்தார். ஐஸ் குச்சி பொறுக்கலாம் என்றால், அந்த ஊரில் ஐஸ் விற்பவர் வருவதே திருவிழாவுக்குத்தான்.

ஒருநாள் சாயங்காலம் டீச்சரைப் பஸ் ஸ்டாப்பில் விடுவதற்காக ஒரு கம்பெனி சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், புதரில் கிடந்த நீல நிற பாட்டில் மூடிகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது, நகைக்கடையிலிருந்து வருகிறவரின் முகம் அவருக்கு.

"சார், வெளியவே இவ்ளோ கீதுன்னா உள்ள எவ்ளோ இருக்கும்?"

மறுநாள் என் பைக் அந்தக் கம்பெனி வாசலில் நின்றது. வாட்ச்மேன் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். டீச்சர், கவர்மென்ட் டிபார்ட்மென்ட் என்றார். அது உண்மைதான். வாட்ச்மேன் உள்ளே போன் செய்து, டிபார்ட்மென்டிலிருந்து ஒரு மேடமும், கூட ஒரு உதவியாளும் வந்திருப்பதாகச் சொன்னார். ஐந்து வருடமாக ஆசிரியராக இருந்த நான் அந்த நிமிடத்தில் உதவியாள் ஆனேன்.

மேனேஜர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். இரண்டு இளநீர் வந்தது. டீச்சர் இளநீரைக் கையால்கூடத் தொடாமல், "உங்க கழிவெல்லாம் எங்க கொட்றீங்க, நான் பாக்கணும்" என்றார்.

மேனேஜரின் நெற்றி வியர்த்தது. எல்லாமே ரூல்ஸ்படிதான் நடக்கிறது, ஏரிப் பக்கம் ஒரு சொட்டும் போவதில்லை, போன வாரம் போனது மழைத் தண்ணீர் என்று, யாரும் கேட்காததற்கெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டே எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே மலைபோலக் குவிந்திருந்த மூடிகளையும் குழாய்த் துண்டுகளையும் பார்த்து டீச்சர் சற்று நேரம் பேச்சில்லாமல் நின்றார். அந்த மௌனத்தைப் பார்த்து மேனேஜர் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டார். டீச்சர் கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த அரிசி சாக்கை எடுத்து உதறி, "இதுல ஒரு மூட்டை எடுத்துக்கட்டுமா? ஒண்ணாங்கிளாசுக்கு" என்று கேட்டார்.

அந்த மனிதர் அடைந்த நிம்மதியை எழுத எனக்குத் திறமை போதாது. மூன்று மூட்டை கட்டி, கம்பெனி டெம்போவிலேயே பள்ளிக்கு அனுப்பிவைத்தார். இளநீரை நான் குடித்தேன்.

அதன் பிறகு டீச்சரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. கைப்பையில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். பேசிக்கொண்டே நடக்கும்போது அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நாய்க்குட்டியை அழைத்துப்போவது போல இருக்கும். குழாய்த் துண்டு என்றால் பத்து, வாஷர் என்றால் ஒன்று என்று கணக்குப் பாடம் நடந்தது. கார் கதவோரத்தில் வைக்கிற ரப்பர் பட்டை சாக்குச் சாக்காக வந்தது. அதை வளைத்து வளைத்துப் பிள்ளைகள் எழுத்து செய்தார்கள். சாக்பீஸில் ‘இ’ போட அழுத பெண், ரப்பரில் ‘இ’ போட்டு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒருநாள் ஒரு பையன் ரப்பர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எங்கப்பா மிஷின்ல வந்தது. எங்கப்பா இதத்தான் வெட்டுறாரு" என்றான். அன்று முழுவதும் அந்தப் பட்டையை அவன் வேறு யாருக்கும் தரவில்லை.

விபத்துகளும் நடந்தன. ஒருத்தி வாஷரை மோதிரமாகப் போட்டுக்கொண்டாள். விரல் வீங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய், சோப்பு, ஆயாவின் கைவைத்தியம் எல்லாம் தோற்று, கடைசியில் சைக்கிள் கடைக்காரர் மெல்லிய அரத்தால் ராவி எடுத்தார். வாஷர் கழன்றதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, இப்போது என்னிடம் ஒன்று குறைகிறதே, வேறு தருவீர்களா என்பதுதான். கணக்கு ஏறிவிட்டது என்று டீச்சருக்குச் சந்தோஷம். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் திட்டு வாங்கியது மட்டும் நான்.

ஒரு மழை நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதற்கு டீச்சர் இத்தனை பேஜாரு, அரசாங்கம் தருகிற அட்டைகளை வைத்து நடத்தினால் போதாதா என்று கேட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தைக் கத்தரியால் மழுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"ரெண்டு வருசமா இந்தப் புள்ளைங்க கையில யாரும் ஒண்ணும் குடுக்கல சார்."

நான் இன்னொரு கத்தரியைத் தேடி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இரும்பு நைனா வந்து சேர்ந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளின் கழிவை எடுக்கும் காண்ட்ராக்ட் அவரிடம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு ஆணிகூட கேட்டைத் தாண்டாது என்பார்கள். தாண்ட முயன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

டீக்கடைக்காரர் ஒருநாள் என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், ‘டீச்சர்’னு ஒரு பார்ட்டி புதுசா ஏரியாவுல எறங்கிக்கீதாம். ஒவ்வொரு கம்பெனியா பூந்து சரக்கைத் தூக்கிக்கினு போவுதாம். எண்ணூர் சைடு ஆளா, ரெட்ஹில்ஸ் சைடு ஆளான்னு நைனா ஆளுங்க விசாரிச்சிக்கினு கீறாங்க."

கத்தி, பிளேடு, குள்ளன் என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொள்கிற உலகத்தில், ‘டீச்சர்’ என்பதும் அப்படி ஒரு பட்டப்பெயர் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அந்தப் பார்ட்டிக்கு வண்டி ஓட்டுகிறவன் நான்.

ஓடிப்போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நைனா நம் பள்ளிப் பிள்ளை யாருக்காவது அப்பாவா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அப்ப நமக்கு இன்னா சார்?" என்று சொல்லிவிட்டு ரப்பரை வெட்ட ஆரம்பித்தார். நான் இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தேன். மூன்றாம் நாளும் எடுத்திருக்கலாம்.

ஏனென்றால் மூன்றாம் நாள் பெற்றோர் கூட்டம். எங்கள் கூட்டங்களுக்கு அம்மாக்கள் வருவார்கள். அப்பா என்று ஒருவர்கூட வந்ததில்லை. ஷிப்ட், தூக்கம், இரண்டும் இல்லாவிட்டால் வெட்கம். ஒரே ஒரு அப்பாவாவது வந்து பிள்ளை படிப்பதைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் தினமும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று காலையில், கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, பள்ளி வாசலில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கனமான சங்கிலியோடு ஒருவர் இறங்கினார். பின்னால் கதவு கொள்ளாத அளவில் இரண்டு ஆட்கள்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க. செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. எந்தப் புள்ளைக்கு அப்பா நீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நைனா எதிர்பார்த்து வரவில்லை. தமக்கு இரண்டும் பெண்கள், கட்டிக் கொடுத்தாயிற்று என்று அவரையறியாமல் பதில் சொல்லிவிட்டார். அப்படியானால் பேரப்பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று டீச்சர் முடிவு செய்தார். சேர்க்கைக்காக வீடு வீடாக அலைகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. பாயை உதறிப் போட்டு அவரை உட்கார வைத்தார். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆட்களிடம், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். அவர்கள் நைனாவைப் பார்த்தார்கள். நைனா ஏற்கெனவே பாயில் சம்மணம் போட்டிருந்தார். அவர்களும் செருப்பைக் கழற்றினார்கள்.

நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "இங்க காயலாங்கடை டீச்சர்னு ஒரு ஆளு..."

"நான்தாங்க."

நைனா டீச்சருக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸ் தேடுகிறவனைப் போலத் தலையை அலமாரிக்குள் விட்டுக்கொண்டேன்.

அதற்குள் டீச்சர், பவித்ரா என்ற மூன்றாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, தாத்தாவுக்குக் கழித்தல் போட்டுக் காட்டச் சொன்னார். நாற்பத்திரண்டில் பதினேழு போக எவ்வளவு? பவித்ரா நாலு குழாய்த் துண்டையும் இரண்டு வாஷரையும் நைனாவின் முன்னால் அடுக்கினாள். ஏழு வாஷர் எடுக்க வேண்டும், இருப்பது இரண்டுதான், அதனால் ஒரு பைப்பைக் கொடுத்துவிட்டுப் பத்து வாஷர் வாங்கப்போகிறேன் என்று விளக்கினாள்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. வந்த காரியம் மறந்து தொழில் முன்னால் வந்துவிட்டது.

"ஒரு பைப்புக்குப் பத்து வாசரா? எவன் குடுப்பான்? இது பிளாஸ்டிக்கு. அது எஸ்எஸ்ஸு, எவர்சில்வரு."

"இங்க அப்படித்தான் தாத்தா" என்றாள் பவித்ரா.

எடைக்கு எடை போட்டால்கூடக் கட்டாது என்று நைனா வாதாடினார். பின்னால் இருந்த ஆட்களில் ஒருவர் மெதுவாக முன்னால் நகர்ந்து வந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, பாப்பா சொல்வது சரிதான், இருபத்தஞ்சு வருகிறது என்று தீர்ப்புச் சொன்னார். நைனா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பழைய இடத்துக்கே போய்விட்டார்.

அதன் பிறகுதான் நைனா தணிந்த குரலில் உள்ளதைச் சொன்னார். கம்பெனிகளில் கிடக்கும் மால் தம்முடைய காண்ட்ராக்ட். கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது. மேனேஜர் கொடுத்தாலும் செல்லாது. எடுத்தவர்களை இதுவரை அவர் சும்மா விட்டதில்லை. எல்லாவற்றையும் விளையாட்டாகவே பார்க்கிற டீச்சரின் முகத்திலிருந்து சிரிப்பு போனதை அன்றுதான் நான் பார்த்தேன். இதெல்லாம் இன்னொருவரின் பொருள் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"அப்ப இதெல்லாம் உங்களுதா?"

"ஆமாம்மா."

டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் மூடியும் வாஷரும் ரப்பரும். "சரிங்க" என்றார். "நான் கேக்காம எடுத்தது தப்புதான். ஆனா புள்ளைங்க கையில இருந்து நான் வாங்கித் தர மாட்டேன். நீங்களே வாங்கிக்கினு போங்க."

பவித்ரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்த பெண். பிறகு வகுப்பு முழுவதும். அலமாரிக்குள் இருந்த என் தலை வெளியே வந்துவிட்டது. நைனா வரிசையாக அந்த முகங்களைப் பார்த்தார். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அது இருக்கட்டும். ஆனா இனிமே கம்பெனி வாசலுக்குப் போவாதீங்கமா. உங்கள வுட்டேன்னா நாளைக்கு ஊரே கெளம்பும்."

"போவலங்க" என்றார் டீச்சர்.

விஷயம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் நைனாவுக்கே ஆச்சரியம். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"எல்லாக் கம்பெனிதும் உங்க குடோன்லயே இருக்குன்றீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாருக்குப் பெட்ரோலு மிச்சமாயிருக்கும். சனிக்கெழம எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?"

நைனா திறக்கும் நேரத்தைச் சொன்னது, அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு.

சனிக்கிழமைதோறும் என் பைக் இரும்பு நைனாவின் குடோன் வாசலில் நின்றது. டீச்சர் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தரம் பிரிப்பார். கூர்மையாக இருக்கும் ஓரங்களை எல்லாம் நைனாவின் ஆட்களே அரம் போட்டு மழுக்கித் தர வேண்டும். இருபத்தஞ்சு என்று தீர்ப்புச் சொன்ன ஆள் இதில் தேர்ந்துவிட்டார்; தம் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையில் போடுவார். நிறம் கலந்திருக்கிறது, அளவு சரியில்லை என்று டீச்சர் போன வாரச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கவும் ஆரம்பித்தார். இலவசமாகக் கொடுத்த பொருள் திரும்பி வருவதை நைனா தம் தொழிலில் கண்டதில்லை. சில சனிக்கிழமைகளில் எனக்குப் போன் வரும். "சார், நான் ஊர்ல இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்பார். பின்னாலேயே குடோனில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்கும்.

பிள்ளைகள் எல்லோரும் மேதைகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் டீச்சரே சிரிப்பார். செல்போனில் வரும் கேள்விகளை வைத்து மதிப்பீடு செய்யச் சொன்னபோது, சிக்னலுக்காக நான் தண்ணீர்த் தொட்டிப் படியில் நின்று கேள்வியைக் கத்த, கீழே வரிசையில் நின்ற பிள்ளைகள் பதில் கத்தினார்கள். சிலர் நன்றாகச் செய்தார்கள். சிலர் பாதி செய்தார்கள். இரண்டு பேருக்கு அப்போதும் எழுத்து கூடவில்லை. அவர்களை மட்டும் டீச்சர் தம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வருடக் கடைசியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு உண்மையான அப்பாக்கள் வந்தார்கள். தாங்கள் செய்த பொருள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வந்தார்களாம். ரப்பர் வெட்டுகிற அப்பா, மகன் செய்து காட்டிய எழுத்துகளைக் கையில் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் வைத்திருந்தார்.

அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் டீச்சருக்குச் சோழவரம் பக்கம் இடம் கிடைத்தது. அவருடைய வீட்டுக்குப் பக்கம். போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. பிரிவுபசார விழாவுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று மூட்டைகளையெல்லாம் பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். சால்வை போர்த்தினார்கள். டீச்சர் சால்வையை ஆயாவின் தோளில் போட்டுவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டி யாருக்காவது வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் தட்டையாக மடித்து எடுத்துக்கொண்டார். நைனா ஆள் அனுப்பாமல் தாமே வந்திருந்தார். டீச்சர் நிஜமாகவே போகிறார்களா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். முதல் முறை நிம்மதிக்காகக் கேட்டது. இரண்டாவது முறை அப்படி இல்லை.

திங்கட்கிழமை காலை நான்தான் வகுப்பறையைத் திறந்தேன். காலில் எதுவும் குத்தவில்லை. எதுவும் உருண்டு ஓடவில்லை. அவ்வளவு சுத்தமான வகுப்பறையை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.